போன தடவை நாங்கள் வரவே இல்லை, மச்சான்

வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றே கால்
விடுதி வராந்தா

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம்; இருவரையும் தனித்தனியாக விசாரித்த பிறகே இதை எழுதுகிறேன். அங்கே தாங்களும் அக்காவும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், கேட்டறிய வழியில்லை. இந்தத் தீவின் ஒரே கைபேசிக் கோபுரம் புதன்கிழமைக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இந்தக் கடிதம்கூட நாளைய படகில் எங்களோடுதான் வரும். அக்கரையில் இறங்கியதும் தபாலில் போடுவேன். நாங்கள் அங்கே மகள் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு வருவதால், எங்களுக்கு முன்பே இது உங்கள் கைக்கு வந்துவிடும். ஓய்வுபெற்றவன் ஒரு வாரம் ஊர் சுற்றிப் பார்க்கட்டும், கொஞ்சம் சாகசமும் செய்யட்டும் என்று தாங்கள் அன்போடு ஏற்பாடு செய்த பயணம் இது. ஆகவே நிலவரத்தை முதலில் தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

இன்று காலை பத்தே முக்கால் மணிக்கு விடுதி மேலாளர் தமது மேஜையில் அமர்ந்தபடி உறுதி செய்த தகவல்: நானும் உங்கள் தங்கையும் இந்தத் தீவுக்கு வந்திருப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு, இதே மாதம், இதே நான்காம் எண் அறை. நாங்கள் இதற்கு முன் இங்கு கால் வைத்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மேலாளர் சொல்வதைத் துறையில் மூட்டை தூக்குகிறவரும் சொல்கிறார், படகோட்டியும் சொல்கிறார், காட்டில் ஆட்களைக் கம்பியில் தொங்கவிட்டு அனுப்பும் கம்பிக்காரரும் சொல்கிறார். முப்பத்தாறு வருடம் பத்திரிகையில் நான் கடைப்பிடித்த விதி தாங்கள் அறிந்ததே. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது செய்தி. ஒருவர் மட்டும் சொன்னால் வதந்தி. இதற்காகவே அலுவலகத்தில் எனக்கு ‘ரெண்டு வாய்’ என்று பெயர் வைத்தார்கள். பிறந்தது பெண் என்று டாக்டர் வந்து சொன்னபோது நர்சையும் கூப்பிட்டுக் கேட்டவன் நான். இப்போது நான் வந்ததில்லை என்று சொல்வது நான் ஒருவன்தான். உங்கள் தங்கையைக் கேட்டால், “வந்த மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு, விடுங்களேன்” என்கிறார். என் விதிப்படி பார்த்தால், நான் இங்கு வந்ததில்லை என்பதுதான் வதந்தி.

சிரிக்காதீர்கள் மச்சான். அந்த முதல் தடவையில், சனிக்கிழமை மூன்று மணிப் படகில் உங்கள் தங்கை மட்டும் ஏறியிருக்கிறார். நான் ஏறவில்லையாம். நாளை சனிக்கிழமை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் துறையில் இறங்கினோம். வாரத்துக்கு ஒரே படகு. வருவது இரண்டுக்கு, திரும்புவது மூன்றுக்கு. பலகையில் கால் வைக்கும்போது மூட்டை தூக்குகிறவர் என் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டு, “வாங்க சார், வாங்கம்மா, மறுபடியும் வந்துட்டீங்களா! இந்தத் தடவையாவது செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு இறங்குங்க சார்” என்றார். “நாங்க முதல் தடவையா வர்றோங்க” என்றேன். “போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க” என்றார். அதற்குப் பதில் யோசிக்கும் நேரத்தில் என் இடது செருப்பு பலகைக்கும் படகுக்கும் நடுவே கடலுக்குள் போய்விட்டது. அவர் பதறவில்லை. “இடதுதானே? போன தடவையும் இடதுதான். அது மறுநாளே கரை ஒதுங்குச்சு, மூணு வருஷமா எடுத்து வெச்சிருக்கேன்” என்று கொட்டகைக்குள் போய் ஒரு செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். உப்புப் பூத்து வெளுத்திருந்தது. போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. நான் நடக்கும் கோணலை உங்கள் தங்கை இருபத்தொன்பது வருடமாகக் குறை சொல்கிறாரே, அதே கோணல். நான் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். “மூணு வருஷமா எடுத்து வெச்சிருக்கார் மனுஷன், ஒரு நன்றி சொல்லத் தோணல, விசாரணை பண்றீங்க” என்று உங்கள் தங்கை என்னை அவர் முன்னாலேயே கடிந்துகொண்டார். நன்றி சொன்னேன். இந்தக் கடிதத்தை எழுதும்போதும் அந்தச் செருப்பைத்தான் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வயிறு சரியில்லை. காலை முழுவதும் கட்டிலுக்கும் குளியலறைக்குமாக நடந்தேன். சாட்சி உங்கள் தங்கை. திங்கட்கிழமை கடல் குகைக்குப் போனோம். குனிந்துகொண்டு படகில் உள்ளே போக வேண்டும், உள்ளே போனதும் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு விரிகிறது, சுவரெல்லாம் பச்சை வெளிச்சம். படகோட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா, சாரைக் கூப்பிடுங்க. எதிரொலி ஏழு தடவை வரும்” என்றார். உங்கள் தங்கை தொண்டையைச் செருமிக்கொண்டு, “என்னங்க!” என்று கூப்பிட்டார். மச்சான், எதிரொலி என்றால் போன சொல் திரும்பி வர வேண்டும், இல்லையா? குகையின் உள்கோடியிலிருந்து, “என்னம்மா?” என்று வந்தது. ஒரே ஒரு தடவைதான் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் பேப்பர் படிக்கும்போது கூப்பிட்டால் கொஞ்சம் எரிச்சலோடு ஒரு “என்னம்மா” சொல்வேனே, அந்தத் தொனி. உங்கள் தங்கை என் பக்கம் திரும்பி, “பக்கத்துல உக்காந்துக்கிட்டு அங்கேர்ந்து ஏங்க பதில் சொல்றீங்க?” என்று கேட்டார். படகோட்டி துடுப்பைத் தண்ணீரில் போட்டார். “போன தடவை இந்த அளவுக்குத் தெளிவா இல்ல” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சாகசம். ஒரு மரத்தின் உச்சியிலிருந்து இன்னொரு மரத்துக்கு இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். இடுப்பிலும் தொடையிலும் வாரைக் கட்டி நம்மைத் தொங்கவிட்டுத் தள்ளிவிடுவார்கள், காட்டுக்கு மேலே பறந்து போய் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். உங்கள் தங்கை முதலில் போனார். ஐம்பத்தாறு வயதில், வீட்டில் ஸ்டூலில் ஏறப் பயப்படுகிறவர், வீல் என்று கத்திக்கொண்டு போய் அந்தக் கோடியில் இறங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு காலமாயிற்று. அடுத்து நான். கம்பிக்காரர் ஆணியில் மாட்டியிருந்த வார்களில் ஒன்றை எடுத்து, இறுக்கவோ தளர்த்தவோ செய்யாமல் அப்படியே என் இடுப்பில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. “உங்க அளவை மாத்தவே இல்ல சார். போன தடவை நடுவுல நின்னுட்டீங்க, ஞாபகம் இருக்கா? முக்கால் மணி நேரம்” என்றார். “அது நான் இல்லீங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் தள்ளிவிட்டார். நடுவில் நின்றுவிட்டேன்.

முக்கால் மணி நேரம் தொங்கினேன். கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டேன். முதல் பத்து நிமிடம் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது கீழே, காட்டுப் பாதையில், ஒருவர் மெதுவாக நடந்து வந்து எனக்கு நேர் கீழே நின்றார். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. அண்ணாந்து பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார், மணி பார்த்தார், மறுபடி எழுதினார், வந்த வழியே போய்விட்டார். நான் செய்தி சேகரித்த காலத்தில் தொங்குகிறவர்களுக்குக் கீழே நின்று குறிப்பெடுத்திருக்கிறேன்; மேலேயிருந்து அதைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. அவர் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது, நடுவில் வழுக்கை. என் வழுக்கையை நான் மேலிருந்து பார்த்ததில்லை. ஆகவே ஆளை அடையாளம் சொல்ல என்னால் இயலாது. இறங்கியதும் உங்கள் தங்கையிடம் கேட்டேன். “ஆமா, பாத்தேனே. மாடிப்படியில தினமும் உங்க பின்னாடி இறங்கறேன், உங்க மண்டை எனக்குத் தெரியாதா? நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் கீழ எறங்கினீங்கன்னு நெனச்சேன். மேல பாத்தா மேலயும் இருந்தீங்க” என்றார். “பயமா இல்லையா?” என்றேன். “விழுந்துடுவீங்களோன்னு பயமா இருந்தது” என்றார். நான் கேட்டது அதை அல்ல.

புதன்கிழமை காற்று, மழை, எங்கும் போகவில்லை. பக்கத்து அறையில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இருக்கிறது. அவர்களை வராந்தாவில் பிடித்து, உங்களையும் இங்குள்ளவர்கள் ‘மறுபடியும் வந்துட்டீங்களா’ என்று கேட்டார்களா என விசாரித்தேன். வரும் எல்லோரிடமும் சொல்லும் உபசாரமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அப்படி இருந்தால் விஷயம் முடிந்தது. அந்தப் பெண், “இல்ல அங்கிள், எங்களை யாரும் அப்படிக் கேக்கல” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தோம். ஞாயித்துக்கிழமை காலையில காட்டுப் பாதையில உங்ககிட்ட வழி கேட்டோமே, ஏன் ஒண்ணுமே பேசாம போயிட்டீங்க? எங்க மேல ஏதாவது கோபமா?” என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் எங்கே இருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை ஒரு புதுப்பெண்ணிடம் விளக்கமாகச் சொல்ல முடியாமல், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை வரவேற்பு மேஜையில் இருந்த விருந்தினர் கருத்துப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன்: ‘அறை எண் நான்கு. வெந்நீர் வரும் என்று மேலாளர் சொன்னார், அறையைச் சுத்தம் செய்பவரும் சொன்னார், வரவில்லை. ஜன்னல் கொக்கி தளர்ந்துள்ளது. குகை எதிரொலி குறித்து முரண்பட்ட தகவல்கள். மனைவி இன்று மூன்று மணிப் படகில் புறப்படுகிறார். ஒரே ஒரு விவரத்தைச் சரிபார்த்துவிட்டு நான் அடுத்த படகில் செல்வேன்.’ கையெழுத்து என்னுடையது. ‘ற’ என்ற எழுத்தின் காலை அடுத்த வரிக்குள் இழுத்துவிடும் பழக்கத்துக்காக அச்சுக்கோக்கும் பிரிவில் நான் வாங்கிய வசவு கொஞ்சமா? அதே கால், அதே இழுப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த வரிகளை என் நோட்டில் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தேன். “நீங்க எழுதினதைப் பாத்து நீங்களே எழுதிட்டு, உங்க கையெழுத்து மாதிரியே இருக்குன்னு ஆச்சரியப்படறீங்களா?” என்றார் உங்கள் தங்கை. ஜன்னல் கொக்கி இப்போதும் தளர்ந்துதான் இருக்கிறது.

ஆகவேதான் இன்று காலை மேலாளரிடம் போய் உட்கார்ந்தேன். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. எங்கள் உரையாடலைக் குறிப்பிலிருந்து தருகிறேன்.

“போன தடவை அம்மாவை அனுப்பிட்டு நீங்க இருந்துட்டீங்க சார். ஏதோ சரிபார்க்கணும்னு சொன்னீங்க.”

“என்ன சரிபார்க்கணும்னு?”

“நீங்க அதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களா இல்லையான்னு.”

அதையும் குறித்துக்கொண்டேன். “சரிபார்த்தேனா?” என்று கேட்டேன்.

“பாத்துக்கிட்டே இருக்கீங்க சார்” என்றார் மேலாளர்.

பிறகு அவரே குரலைத் தாழ்த்தி விளக்கினார். “அவரால யாருக்கும் தொந்தரவு இல்ல. ஆரம்பத்துல ஒரே கேள்விய எல்லார்கிட்டயும் ரெண்டு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டு அலைஞ்சார். இப்ப ஒரு வருஷமா யாரையும் எதுவும் கேக்கறதில்ல. நோட்டு மட்டும் வெச்சிருக்கார். சொன்னதைக் கேட்டுக்குவார். சனிக்கிழமையானா துறைக்கு வந்து, படகு போறதைப் பாத்துட்டுத் திரும்பிடுவார்.”

“அவர் அடுத்த படகுல கிளம்பலையா?”

“அடுத்த படகுல யாரும் போகல சார்.”

இதிலிருந்து எழும் கேள்வி தங்களுக்கும் புரியும். அடுத்த படகில் யாரும் வரவில்லையென்றால், மூன்று வருடமாக உங்கள் தங்கையின் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவன் யார்? நேராக உங்கள் தங்கையிடமே கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “யாரா இருந்தா என்ன, குப்பையைக் கொண்டுபோய்ப் போடறது நீங்கதானே” என்றார். சாட்சியமாக இது போதாது. மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த வாரம் நாங்கள் உங்கள் வீட்டில் இருந்தோம் என்பது என் நினைவு. தங்களுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம். நான்தான் தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து விட்டேன். இந்த விஷயத்தில் உலகிலேயே எனக்கு இருக்கும் ஒரே இன்னொரு சாட்சி தாங்கள். அந்தச் சாட்சிக்கு அப்போது கண் கட்டியிருந்தது என்பது என் துரதிர்ஷ்டம். ஒரு கண்தானே கட்டியிருந்தது? மற்றக் கண்ணால் தாங்கள் என்னைப் பார்த்ததாக ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

நாளை இரண்டரை மணிக்கு அந்த நோட்டுக்காரர் துறைக்கு வருவார். மூட்டைக் கொட்டகைக்குப் பின்னால் நிற்பாராம்; மேலாளரும் சொன்னார், மூட்டை தூக்குகிறவரும் சொன்னார். ஒரே ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கட்டிலில் போட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இத பாருங்க. வந்தோமா வரலையான்னு எனக்குத் தெரிய வேணாம். நாளைக்குப் படகுல என் பக்கத்துல நீங்க உக்காந்திருக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும். ஒரு விஷயத்தை, வாழ்க்கையில ஒரே ஒரு விஷயத்தை, தெரியாமலே விட்டுட்டு வாங்களேன்” என்றார். அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. காற்றினாலோ என்று பார்த்தேன், ஜன்னல் மூடியிருந்தது.

அந்தப் பதிவேட்டை எழுதியவன் எப்படி மாட்டிக்கொண்டான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது, மச்சான். அவனை யாரும் பிடித்து வைக்கவில்லை. சரிபார்க்கிறேன் என்று அவனே நின்றான். ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளை மூன்று மணிப் படகில், உங்கள் தங்கையின் கையைப் பிடித்தபடி, கொட்டகைப் பக்கம் திரும்பாமல், ஒன்றையும் உறுதி செய்யாமல் ஏறுகிறேன். முப்பத்தாறு வருடத்தில் ஒரு செய்தியைப் பாதியில் விடுவது இதுவே முதல் தடவை. உங்கள் தங்கைக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுத்ததற்கு நானும் அவரும் என இரண்டு சாட்சிகள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசியும், இருவர்தான், எல்லா நலமும் கூடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு, சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி, படகில்:

அண்ணா, நான் உங்க தங்கச்சி எழுதறேன். கடிதத்தை ஒட்டாமலே என் பையில வெச்சிருந்தார், படிச்சுட்டேன். சொன்ன மாதிரியே என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் துறைக்கு வந்தார். கிளம்ப பத்து நிமிஷம் இருக்கும்போது, “ஒரே ஒரு கேள்விம்மா, ரெண்டே நிமிஷம்”னு கையை விட்டுட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி ஓடிட்டார். நான் கத்தின கத்தல்ல துறையே திரும்பிப் பாத்தது. ஆனா ரெண்டே நிமிஷத்துல வந்து ஏறிட்டார். இப்ப என் பக்கத்துலதான் உக்காந்திருக்கார், கையைப் பிடிச்சுக்கிட்டு.

ஏழு மணிக்கு அக்கரை போய்ச் சேரும்னு படகுக்காரர் சொன்னார். “சரிங்க”ன்னார். வேற யார்கிட்டயும் கேக்கல. கடல் இன்னிக்கு அழகா இருக்குன்னு நான் சொன்னேன். “நீ சொன்னா சரிதான்”னார். இருபத்தொன்பது வருஷத்துல இந்த வார்த்தைய நான் கேட்டதே இல்லண்ணா. படகு திரும்பும்போது கரையில ஒருத்தர் ஓடி வந்து கையை ஆட்டின மாதிரி இருந்தது. கையில ஏதோ நோட்டு மாதிரி. என் கண்ணாடி பெட்டிக்குள்ள இருந்தது. எடுக்கல.

அக்கரை போனதும் உங்களுக்குப் போன் பண்ணலாம்தான். ஆனா அவர் பக்கத்துலயே இருப்பார். வியாழக்கிழமை காலையில ரயில்ல வந்துடுவோம், ஸ்டேஷனுக்கு வாங்க. நல்லா பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் ஒருத்தி சொன்னா போதாது இல்லையா. தீவுலேர்ந்து அடுத்த படகு வர்ற சனிக்கிழமை மூணு மணிக்குத்தான். அதுக்குள்ள சொன்னா போதும்.

அவசரமில்லண்ணா.